குராசாவ், அரூபா இசைக்கலைஞர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெனிசுவேலாவின் கரைக்கு எதிரே, கரீபியக் கடலில் வரிசையாக மூன்று தீவுகள்: அரூபா, குராசாவ், பொனெய்ர். வடக்கே வெகுதூரம் தள்ளி சின்ட் மார்ட்டென், சேபா, சின்ட் யூஸ்டேஷியஸ் என்று இன்னும் மூன்று. நெதர்லாந்து ராஜ்ஜியத்தைச் சேர்ந்தவை என்பதால் ஆறையும் ‘டச்சு பேசும் தீவுகள்’ என்று ஒரே பெட்டியில் போட்டு விடுகிறோம். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. டச்சு அங்கே ஆட்சிமொழிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் குராசாவில் பத்தில் எட்டுப் பேர் வீட்டில் பேசுவது பாப்பியமெந்து. போர்ச்சுகீசியம், ஸ்பானியம், டச்சு, ஆப்பிரிக்க மொழிகள் எல்லாம் கலந்து வளர்ந்த மொழி அது. வடக்குத் தீவுகளிலோ தெருவில் கேட்பது ஆங்கிலம். ஆகவே ‘டச்சுப் பாடல்கள்’ என்று தேடினால் இந்தத் தீவுகளின் இசை கையில் சிக்காது. தும்பா (திருவிழா ஆட்டப்பாட்டு), தாம்பு (மேளத்தோடு பாடுவது), குராசாவ் வால்ஸ் (முக்கால் தாள நடன இசை) என்று இசை வடிவத்தின் பெயரைச் சொல்லித் தேடுங்கள்.

மொழியைத் தெளிவாக்கிக்கொண்டால் அந்தக் கலைஞர்களின் பன்முகத்திறமைக்கும் பாதி விளக்கம் கிடைத்துவிடும். நான்கு மொழிகள் காதில் விழும் ஊரில் வளர்ந்த ஒருவர் ஸ்பானியத்தில் கியூபாவின் ‘சோன்’ பாட்டு ஒன்று, பாப்பியமெந்துவில் ஒரு தும்பா, ஆங்கிலத்தில் டிரினிடாடின் காலிப்சோ பாட்டு ஒன்று என்று ஒரே மேடையில் பாடுவதில் வியப்பில்லை. இதைக் ‘கியூபாவைப் பார்த்து அடித்த காப்பி’ என்று எழுதுவது நியாயமே இல்லை. 1917-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குராசாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார்கள். திரும்பியவர்கள் கூலியோடு பாட்டையும் கொண்டுவந்தார்கள். அரூபாவில் கதை வேறு. சான் நிக்கோலாஸில் லாகோ எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்ததும், ஆங்கிலம் பேசும் கரீபியத் தீவுகளின் தொழிலாளர்கள் அங்கே குடியேறினார்கள். காலிப்சோவும், எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து செய்யும் ஸ்டீல் பேன் வாத்தியமும் அந்த ஊருக்கு அவர்களோடு வந்தவை. அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் இருப்பது உழைக்கப் போனவர்களின், உழைக்க வந்தவர்களின் பயணம்.

அடுத்த தவறுதான் எனக்கு அதிகம் வலிப்பது. ‘எல்லாம் வாசிப்பார், ஆனால் எதிலும் ஆழம் இல்லை’ என்ற எண்ணம். ஒரே வாத்தியத்துக்கு ஆயுளைக் கொடுத்தவரே பெரிய கலைஞர் என்று நமக்குப் பழகிவிட்டது. அந்த அளவுகோலை ஒரு சின்னத் தீவின் மீது வைக்கும்போது கணக்கு தப்பிவிடுகிறது. யான் கெரார்ட் பாம் (1831–1906) என்பவரை எடுத்துக்கொள்வோம். குராசாவ் செவ்வியல் இசையின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். பியானோ, ஆர்கன், கிளாரினெட், புல்லாங்குழல், மாண்டலின் என்று பல வாத்தியம் வாசித்தவர். 1859-இல் ஊர்க்காவல் படையின் வாத்தியக் குழுவுக்கு இயக்குநர் ஆனார். யூதர்களின் எமானு-எல் ஆலயத்திலும் ஆர்கன் வாசித்தார், புராட்டஸ்டண்ட்களின் கோட்டைத் தேவாலயத்திலும் வாசித்தார். வழிபாட்டுக்கு இசை எழுதிய அதே கை வால்ஸ், மசூர்கா, டான்ஸா என்று ஆடுவதற்கும் எழுதியது. குராசாவின் தலைநகர் வில்லம்ஸ்டாட் போன்ற ஒரு துறைமுக ஊரில் இசையை நம்பி வாழ வேண்டுமென்றால் இத்தனையும் தெரிந்தாக வேண்டும். பொழுதுபோக்காக ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்த ஆள் இல்லை அவர். ஊருக்கு என்னவெல்லாம் தேவையோ அதையெல்லாம் முறையாகக் கற்று, அடுத்த தலைமுறைக்கும் சொல்லிக்கொடுத்தவர்.

அந்தத் தலைமுறையிலும் குழப்பம் உண்டு. பேரன்கள் ருடால்ஃப் பாம் (1880–1950), ஜான் பாம் (1885–1925), யாக்கோபோ பாம் (1887–1982) மூவருமே இசையமைப்பாளர்கள். ருடால்ஃபின் மகன் எட்கர் பாம் (1905–1998) அப்புறம் வருகிறார். ‘பாம் எழுதிய வால்ஸ்’ என்று மட்டும் போட்டால் யாருடையது என்றே தெரியாது. முழுப்பெயர் எழுதுங்கள்.

‘குராசாவின் ஷோபான்’ (ஷோபான் போலந்தின் பியானோ மேதை) என்ற பட்டப்பெயரை, பியானோ இசையமைப்பாளர் விம் ஸ்டாட்டியஸ் மியுல்லர் (1930–2019) பற்றிப் பேசும் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லலாம், ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. யாக்கோபோ பாமிடம் பயின்று, நியூயார்க்கின் ஜூலியர்ட் இசைப்பள்ளியில் படித்து, பிறகு பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து, நேட்டோவுக்காக பிரஸ்ஸல்ஸிலும் இருந்தவர் அவர். இவ்வளவுக்கும் நடுவே பியானோவுக்கு ஆன்டிலிய (இந்தத் தீவுகளின்) நடனங்களை எழுதிக்கொண்டே இருந்தார். அவர் இசையில் ஷோபானின் சாயல் இருப்பது உண்மை. ஷோபானிடம் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அது தாளம்.

தாளத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் பியானோ கற்றவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். குராசாவ் வால்ஸின் நோட்டைப் பார்த்தால் முக்கால் தாளம் என்று போட்டிருக்கும். வியன்னா வால்ஸ் போல ‘ஒன்று–இரண்டு–மூன்று’ என்று சீராக வாசித்துவிட்டு, சாதாரணமாக இருக்கிறதே என்று மூடி வைத்துவிடுவார்கள். ஆறு மாத்திரையாக எண்ணிப் பாருங்கள். இடது கை பல இடங்களில் தக–தக–தக என்று மூன்று அடியாக நடக்கும். அதே ஆறு மாத்திரைக்குள் வலது கை தகிட–தகிட என்று இரண்டே அடியாக விழும். கையால் தொடையில் மூன்றைத் தட்டிக்கொண்டு வாயால் இரண்டைச் சொல்லிப் பாருங்கள், அந்த இழுபறி உடனே புரியும். அதுதான் ஆடுபவரின் இடுப்பை அசைப்பது. இந்த நுணுக்கத்தில் பெரும்பகுதி காகிதத்தில் ஏறாது. நோட்டை வாங்கும் முன் தீவுக்காரர் ஒருவரின் ஒலிப்பதிவைக் கேட்டுவிடுங்கள்.

‘வரவேற்பறை இசை வேறு, தெரு இசை வேறு’ என்று கோடு கிழிப்பதும் தவறு. இதற்கு மறுப்பாக ஒரு வாத்தியமே இருக்கிறது. ‘காயி ஓர்கல்’ என்பார்கள். பெயரைப் பார்த்து காற்றுக்குழாய் உள்ள ஆர்கன் என்று எழுதிவிடாதீர்கள், உள்ளே இருப்பது கம்பிகள். ஒரு மர உருளை, அதன்மேல் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒவ்வொன்றாக அடித்த ஊசிகள். கைப்பிடியைச் சுற்ற உருளை திரும்பும், ஊசி பட்டுச் சின்னச் சுத்தியல்கள் கம்பியைத் தட்டும். பணக்கார வீட்டுப் பியானோவில் பிறந்த வால்ஸும் டான்ஸாவும் இந்த உருளையில் ஏறி எல்லோரும் ஆடும் இடத்துக்கு வந்தன. பக்கத்தில் ஒருவர் ‘விரி’ வாசிப்பார். வரிவரியாகப் பல் வெட்டிய இரும்பைக் கம்பியால் தேய்ப்பது. உருளை எப்போதும் ஒரே மாதிரிதான் பாடும், அதை உயிரோடு வைத்திருப்பது விரிக்காரர். பதிவுகளைப் பற்றி எழுதும்போது அவரை ‘துணை வாத்தியம்’ என்று தள்ளிவிடுவது எனக்கு ஒப்பவே இல்லை.

தாம்புவைப் பற்றி எழுதும்போதும் இப்படி ஒரு தவறு நடக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் இசை அது: மேளம், தட்டும் இரும்பு, பாட்டு. மண்வெட்டியின் அலகே வாத்தியமாகும். தேவாலயமும் அரசும் நெடுங்காலம் அதை ஒடுக்கின. இன்று அதைக் கேட்டுவிட்டு ‘கொண்டாட்டமான தீவு இசை’ என்று மட்டும் எழுதினால் அந்த வரலாறு அழிந்துபோகும்.

சின்னத் தவறு ஒன்று: கசெக்கோ என்ற இசையை இந்தத் தீவுகளின் பட்டியலில் சேர்ப்பது. அது சுரினாமின் இசை, சுரினாம் தீவே அல்ல, தென்னமெரிக்க நிலப்பகுதி. அதேபோல, இந்த ஆறு தீவுகளும் சேர்ந்திருந்த ‘நெதர்லாந்து ஆன்டிலிஸ்’ என்ற நாட்டை இன்னும் இருப்பதுபோல் எழுதாதீர்கள். அரூபா 1986-லேயே பிரிந்தது, மிச்சமும் 2010 அக்டோபர் 10 அன்று கலைக்கப்பட்டது.

அரூபாவின் படு லாம்பேயை (1920–2019) ‘தேசிய கீதம் எழுதியவர்’ என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் அதிகம். ரூஃபோ வேவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ‘அரூபா துஷி தேரா’ 1976 மார்ச் 18 அன்று கீதமானது. அது ஒரு வால்ஸ் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு நாட்டின் கீதமே ஆடும் தாளத்தில் இருக்கிறது! அவர் ஓவியரும்கூட, அதையும் விடவேண்டாம்.

கடைசியாக, ஐரோப்பாவில் வாழ்பவர்களை ‘டச்சுக் கலைஞர்’ என்று மட்டும் குறிப்பது. செவ்வியல் கிட்டாரும் டபுள் பேஸும் வாசித்த ஜூலியன் கோக்கோ (1924–2013) நெதர்லாந்தில் வாழ்ந்தாலும் குராசாவ்காரர். ஜாஸ் பியானோக்காரர் ராண்டல் கோர்சென் அப்படியே. அடிமை ஒழிப்பின் 150-ஆம் ஆண்டான 2013-இல் பாப்பியமெந்துவில் ஓர் ஓபராவே இசையமைத்தார், அதே தீவில் பிறந்த டானியா க்ரோஸ் அதில் பாடினார். இசலீன் கலிஸ்டர் பற்றி எழுதும்போது, ‘குராசாவில் பிறந்து, நெதர்லாந்தில் வாழ்ந்து, பாப்பியமெந்துவில் பாடுபவர்’ என்று மூன்றையும் எழுதுங்கள். ஒரு வரிதான் கூடும்.