சமவலுப் பின்னங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பேக்கரிக்குச் சென்று கால் றாத்தல் பாண் வாங்கிவரும் பிள்ளைக்கு, இரண்டு கால் சேர்ந்தால் அரை என்பதை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. அதே பிள்ளை மாலை வகுப்பில் 2/4 உம் 1/2 உம் சமம் என்று எழுதத் தயங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கடையில் பிள்ளை அளவைப் பார்க்கிறது. கொப்பியிலோ கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு எண்களை மட்டுமே பார்க்கிறது. மேலுள்ள தொகுதியும் கீழுள்ள பகுதியும் சேர்ந்து ஒரே ஓர் அளவைக் குறிக்கின்றன என்பதும், சமவலுப் பின்னங்கள் அந்த அளவுக்குரிய வெவ்வேறு பெயர்கள் என்பதும் மனதில் பதியாததே பின்வரும் தவறுகள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

இவற்றுள் அதிகம் காணப்படுவது, தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால் பெருக்க வேண்டிய இடத்தில் இரண்டுடனும் ஒரே எண்ணைக் கூட்டிவிடுவதாகும். இரண்டுக்கும் ஒரே மாற்றத்தைச் செய்தால் அளவு மாறாது என்று பிள்ளை எண்ணுகிறது. 1/2 இன் மேலும் கீழும் 98 ஐக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: 99/100 கிடைக்கும். அரை றாத்தல் பாண் ஏறக்குறைய முழுப் பாணாகிவிட்டதைக் கண்டதும் தவறு எங்கே என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். பெருக்கும்போது நடப்பது வேறு. 3/4 ஐ 6/8 ஆக்குவது, நான்காக வெட்டிய பாணின் ஒவ்வொரு துண்டையும் மீண்டும் இரண்டாக வெட்டுவதைப் போன்றது. துண்டுகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறது, ஒவ்வொன்றின் பருமனும் பாதியாகிறது, கையில் உள்ள பாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எண்களைக் கொண்டு சொன்னால், 2/2 ஆல் பெருக்குவது 1 ஆல் பெருக்குவதே. மேலே மட்டும் பெருக்கிக் கீழே விட்டுவிடும் தவறும் இந்த விளக்கத்தோடு மறைந்துபோகும்.

‘சுருக்குதல்’ என்ற சொல்லும் பிள்ளைகளைக் குழப்புகிறது. துணி சுருங்கினால் சிறிதாகும் அல்லவா? அதனால் 12/18 ஐச் சுருக்கி 2/3 என்று எழுதும்போது பின்னமும் சிறிதாகிவிட்டது என்று நம்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுருங்குவது எழுத்து வடிவம் மட்டுமே என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சுருக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்துவது இன்னொரு தவறு. 2 ஆல் வகுபடாவிட்டால் இனி வழியில்லை என்று கைவிடும் பிள்ளைகள் 51/68 ஐ எளிய வடிவம் என்றே எழுதிவைப்பார்கள். நான் மிகவும் விரும்பும் உத்தி ஒன்று இங்கே உதவும்: இரண்டு எண்களையும் வகுக்கும் எந்தப் பொதுக் காரணியும் அவற்றின் வித்தியாசத்தையும் வகுக்க வேண்டும். 68 இலிருந்து 51 ஐக் கழித்தால் 17. ஆகவே 17 ஐயும் அதன் காரணிகளையும் தவிர வேறெதையும் தேட வேண்டியதில்லை. 51 என்பது 17 இன் 3 மடங்கு, 68 என்பது 4 மடங்கு, விடை 3/4.

6/9 உம் 8/12 உம் சமவலுவானவையா என்று கேட்டால், 6 ஐ எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் 8 வராது என்ற காரணத்தைச் சொல்லி இல்லை என்று விடையளிப்பவர்கள் பலர். ஒன்றிலிருந்து மற்றதற்கு முழு எண்ணால் நேராகச் செல்ல முடியாமலிருப்பது சமமின்மைக்குச் சான்றாகாது. இரண்டையும் எளிய வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இரண்டுமே 2/3. குறுக்காகப் பெருக்கினாலும் 6 × 12 உம் 9 × 8 உம் 72 ஆகவே அமைகின்றன.

இலக்கங்களை வெட்டுவது ஆபத்தான பழக்கம், ஏனெனில் சில வேளைகளில் அது சரியான விடையைத் தந்துவிடுகிறது. 16/64 இல் இரண்டு 6 களையும் வெட்டினால் 1/4 கிடைக்கிறது. விடை சரி, வழி தவறு. அதே வழியில் 15/54 இல் 5 களை வெட்டினாலும் 1/4 தான் வரும், ஆனால் உண்மையான விடை 5/18. வெட்டத் தகுந்தவை காரணிகளே, இலக்கங்கள் அல்ல.

எதன் பின்னம் என்பதை மறப்பதும் உண்டு. பழைய காணி உறுதிகளில் வரும் அளவுகளைக் காட்டி இதை விளக்கலாம். ஒரு ஏக்கர் 160 பேர்ச், ஒரு ரூட் 40 பேர்ச். ஆதலால் ஒரு ரூட் என்பது ஏக்கரின் 40/160, அதாவது 1/4. ஆனால் அரை ஏக்கர் 80 பேர்ச், அரை ரூட் 20 பேர்ச். இரண்டிலும் 1/2 என்றே எழுதினாலும் முழுமை வேறாக இருப்பதால் நிலம் வேறு.

சமவலுப் பின்னம் எதற்கு என்று கேட்கும் பிள்ளையிடம் 1/4 + 3/8 ஐக் கொடுங்கள். மேலதை மேலோடும் கீழதைக் கீழோடும் கூட்டினால் 4/12, அதாவது 1/3 வரும். பகுதியை 24 ஆக்கி ஒப்பிட்டால் 1/3 என்பது 8/24, கூட்டப்பட்ட 3/8 மட்டுமே 9/24. கூட்டிய பின் இருந்ததைவிடக் குறைந்துவிட்டது. ஒரு காலுக்கு இரண்டு அரைக்கால் என்று நம் பழைய சொல்லே 1/4 ஐ 2/8 ஆக மாற்றித் தருகிறது. இரண்டு அரைக்காலுடன் மூன்று அரைக்கால் சேர்ந்தால் ஐந்து அரைக்கால், 5/8.