மீன் தொட்டிச் சாமான்களுக்கு ஓட்டை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஸ்கஸ் மீன் வளர்ப்புக்குப் பேர்போன ஊர் பினாங்கு. தீவில் ஜெலுத்தோங் ஆகட்டும், இந்தப் பக்கம் பிறை, பட்டர்வொர்த் ஆகட்டும், நம்மவர்கள் வீட்டு ஹாலில் ஆரோவானாவோ லோ ஹானோ நீந்துவதை நிறையவே பார்க்கலாம். கடையில் விற்கும் பெரிய ஃபில்டரின் விலையைப் பார்த்துவிட்டு, சம்ப் (தொட்டிக்குக் கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி), ஓவர்ஃப்ளோ பெட்டி (மேலே வழியும் தண்ணீரைச் சம்புக்கு அனுப்பும் பெட்டி), ஸ்ப்ரே பார் (ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் தெளிக்கும் பைப்) எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துகொள்கிறவர்களும் அதிகம். பைப், டேங்க் கனெக்டர் (பைப்பைத் தொட்டிச் சுவரில் பொருத்தும் மரையும் நட்டும் உள்ள இணைப்பு), பெர்ஸ்பெக்ஸ் என்கிற அக்ரிலிக் பலகை, பசை எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடுகின்றன. வேலை மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான், வட்டமாக ஓட்டை போடுவதில். பலர் இதைக் கைத்திறமை என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, கெட்டுப்போகிற ஓட்டைகளில் பெரும்பாலானவை டிரில்லைக் கையில் எடுக்கும் முன்பே கெட்டுவிட்டவை. மிச்சம் உள்ளவை அழுத்தத்தாலும் சூட்டாலும் கெடுகின்றன.

முதல் தவறு பைப்பின் பெயரை நம்புவது. அரை இஞ்ச் பைப் என்கிறோம். கணக்குப்படி அரை இஞ்ச் 12.7 மி.மீ. ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் அரை இஞ்ச் பிவிசி பைப்பின் வெளிவிட்டம் 21 மி.மீ.-க்கும் மேல். அந்தப் பைப்புக்கான டேங்க் கனெக்டரில் மரை உள்ள பகுதி அதைவிடவும் பருமனாக இருக்கலாம், அதுவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அதனால் கனெக்டரை முதலில் வாங்குங்கள். வெர்னியர் காலிபரால் மரையின் வெளிவிட்டத்தை அளந்து, அதைவிட ஒரு மில்லிமீட்டர், அதிகம் போனால் இரண்டு மில்லிமீட்டர் பெரிய ஹோல் சாவை, அதாவது டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் பிட்டை, வாங்குங்கள். வாங்கியதும் நேரே தொட்டிக்குப் போகாமல், ஒரு பழைய பிளைவுட் துண்டில் ஓட்டை போட்டுக் கனெக்டரை நுழைத்துப் பாருங்கள். பிட் ஆடுவதால் ஓட்டை எப்போதும் பிட்டின் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் வரும். ஓட்டை சிறிதாகப் போனால் தேய்த்துப் பெரிதாக்கலாம். பெரிதாகப் போய்விட்டால் ரப்பர் வளையம் உட்கார இடம் இருக்காது, அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அளக்கும்போதே நட்டையும் அளந்துவிடுங்கள். மூலைக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டுவிட்டு, நட்டைத் திருக இடமில்லாமல் அது பக்கத்துக் கண்ணாடியில் முட்டி நிற்பது அடிக்கடி நடக்கிறது. ஓட்டையின் விளிம்புக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் நடுவே குறைந்தது ஓட்டையின் விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும். 40 மி.மீ. ஓட்டை என்றால் நாலு பக்கமும் 40 மி.மீ. விடுங்கள், கூடினால் இன்னும் நல்லது. இடம் நெருங்க நெருங்கக் கண்ணாடி விரிசல் விடும் வாய்ப்பு கூடும்.

அடுத்தது உயிருக்கே ஆபத்தானது. டெம்பர்டு கண்ணாடியில் ஓட்டை போடவே முடியாது. அதைச் சூடேற்றி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்துத் தயாரிக்கிறார்கள். அதனால் மேற்பரப்பு உள்நோக்கி இறுகியும், நடுப்பகுதி இழுபட்டும் நிற்கும். அந்த இறுக்கத்தைப் பிட் ஓரிடத்தில் உடைத்த உடனே மொத்தக் கண்ணாடியும் சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். கடையில் ரெடிமேடாக வாங்கும் தொட்டிகளில் பக்கங்கள் சாதாரணக் கண்ணாடியாக இருந்து, அடிப்பலகை மட்டும் டெம்பர்டாக இருப்பது உண்டு. மூலையில் முத்திரை இல்லை என்பதால் அது டெம்பர்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சோதிக்க எளிய வழி இருக்கிறது. லேப்டாப்பின் எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாக, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். திரை இருண்டு போகும் கோணத்தில் கண்ணாடி மட்டும் கோடு கோடாக, திட்டுத் திட்டாக, வானவில் நிறத்தில் தெரிந்தால் அது டெம்பர்டு. ஒரே சீராக இருண்டிருந்தால் சாதாரணக் கண்ணாடி. சந்தேகம் தீரவில்லையா, டிரில்லைத் தொடாதீர்கள்.

ஓட்டையை எந்த உயரத்தில் போடுவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள நாலடித் தொட்டியில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் 5.4 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. புயல் மழையில் கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும். ஓட்டையின் கீழ் விளிம்புக்கு மேலே உள்ள தண்ணீர் முழுவதும் சம்புக்கு இறங்கும். ஐந்து சென்டிமீட்டர் இறங்கினாலே 27 லிட்டர். அதைத் தாங்கச் சம்பில் காலி இடம் இல்லையென்றால் தண்ணீர் ஹாலில்தான். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, கீழ்வீட்டுக்காரர் வந்து விளக்குவார். அடிப்பலகையில் ஓட்டை போட்டு நிற்கும் பைப் வைப்பது பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஒரு பைப் கழன்றால் தொட்டி முழுக்கக் காலியாகும். முதல்முறை செய்கிறவர் பின்பக்கக் கண்ணாடியின் மேல்பகுதியில் போடுவதே சரி என்பது என் கருத்து.

கண்ணாடியில்

கண்ணாடிக்கு டைமண்ட் தூள் பூசிய, நடுவில் ஊசி இல்லாத ஹோல் சா வேண்டும். சுவருக்குப் போடும் மேசன்ரி பிட் இங்கே ஆகாது. டிரில்லில் ஹேமர் குறி உள்ள இடத்துக்கு வளையம் போயிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்; ஒரு நொடி ஹேமர் ஓடினாலே போதும், கண்ணாடி போய்விடும். கியரை 1-இல் வையுங்கள். பெரும்பாலான பேட்டரி டிரில்களில் அது நிமிடத்துக்கு 400, 500 சுற்றுக்கு மேல் போகாது, நமக்கு வேண்டியதும் அதுதான்.

தொட்டியைக் காலி செய்து, ஓட்டை போடும் பக்கம் மேலே பார்க்கும்படி மெத்தை அல்லது தடிமனான ஃபோம் மீது படுக்க வையுங்கள். ஊசி இல்லாத பிட் கண்ணாடியில் வழுக்கி ஓடும். அதைத் தடுக்க, பிளைவுட்டில் அதே பிட்டால் போட்ட ஓட்டையை இரட்டைப் பக்க டேப்பால் கண்ணாடியில் ஒட்டி வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். சோதனைக்குப் போட்டோமே, அந்தத் துண்டே போதும். பிட் கண்ணாடியில் வட்டமாகப் பள்ளம் பதித்ததும் பலகையை எடுத்துவிடுங்கள். அப்புறம் பிளாஸ்டிசின் களிமண்ணால் பள்ளத்தைச் சுற்றி ஒரு வரப்பு கட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். உள்பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, அதற்கு நேர் கீழே ஒரு பழைய துண்டை விரித்து வையுங்கள். ஓட்டை முடிந்ததும் வட்டக் கண்ணாடி வில்லை தொப்பென்று விழும். அது விழுந்து எதிர்ப்பக்கக் கண்ணாடியைக் கீறிவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

இனி அழுத்தம். டிரில்லின் சொந்த எடையே போதும், கை அதை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தால் சரி. சில நொடிக்கு ஒருமுறை பிட்டை லேசாகத் தூக்கித் தண்ணீர் அடியில் போக விடுங்கள். தண்ணீர் அரிசி களைந்த நீர் மாதிரி வெள்ளையாகும். பிட் கண்ணாடியைத் தின்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வெள்ளை கெட்டியாகி விழுதானால் துடைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் வெளுக்கவே இல்லை, பிட் சும்மா சுற்றுகிறது என்றால் பிட் மழுங்கிவிட்டது. அப்போது அழுத்திப் பார்ப்பவர்கள்தான் கண்ணாடியை உடைக்கிறார்கள். 6 மி.மீ. கண்ணாடிக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும், பிடிக்கட்டும். முடிவு நெருங்கும்போது கரகரவென்ற சத்தம் மாறி, உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் கேட்கும். அந்த நொடியில் கையின் பாரத்தையும் எடுத்துவிட வேண்டும். மறுபக்கத்தில் விளிம்பு பெயர்வது பெரும்பாலும் இந்தக் கடைசி அரை மில்லிமீட்டரில்தான்.

விளிம்பில் நகக்கண் அளவுக்குச் சின்னச் சின்னதாகப் பெயர்ந்திருந்தால், ரப்பர் வளையம் அதை முழுக்க மூடுகிறது என்றால் பயமில்லை. ஈரமான உப்புத்தாளால் கூர்மையை மழுக்கிவிடுங்கள். ஆனால் ஓட்டையிலிருந்து முடி அளவுக்கு ஒரு கோடு கிளம்பியிருந்தால், அதற்குச் சிலிக்கான் பூசி ஓட்டிவிடலாம் என்ற யோசனையே வேண்டாம். தண்ணீரின் பாரம் ஏறியதும் அந்தக் கோடு நீளும். 10, 12 மி.மீ. கண்ணாடியில் பெரிய தொட்டி செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடிக் கடையில் ஓட்டை போட்டு வாங்கிவிடுங்கள். அந்தக் கூலி வீண் செலவு இல்லை.

பெர்ஸ்பெக்ஸில்

ஓவர்ஃப்ளோ பெட்டியும் சம்பின் தடுப்புகளும் பெரும்பாலும் இதில்தான் செய்கிறோம். இங்கே எதிரி சூடு. அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸ் சுமாருக்கே இளகிவிடும். வேகமாகச் சுற்றும் ஹோல் சாவின் பல் அதை வெட்டுவதற்குப் பதிலாக உருக்கும். உருகியது பல்லில் ஒட்டி, ஆறியதும் பிட்டையே கவ்விக்கொள்ளும். அப்போது பலகை கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுழலும். ஆகவே கீழே ஒரு மரப்பலகை வைத்து இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போடுவதைத் தவிர்க்கவே கூடாது. விட்டம் கூடக் கூடப் பல்லின் வேகமும் கூடும் என்பதையும் கவனியுங்கள். ஒரே சுற்று வேகத்தில் 40 மி.மீ. பிட்டின் பல், 10 மி.மீ. பிட்டின் பல்லைவிட நாலு மடங்கு வேகமாக ஓடுகிறது. பெரிய ஓட்டைக்கு மெதுவாகத்தான் போக வேண்டும்.

வெளியே வரும் சீவலைப் பாருங்கள். உலர்ந்த தூளாகவோ சுருளாகவோ வந்தால் நன்றாகப் போகிறது. ஒட்டும் உருண்டைகளாக வந்தால் உடனே நிறுத்தி, பிட்டைச் சுத்தம் செய்து ஆறவிடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் தாளையோ பிளாஸ்டிக்கையோ வேலை முடியும்வரை உரிக்க வேண்டாம். குளிரவைக்க எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மீன் இருக்கப்போகும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம், தண்ணீர் போதும். முடிந்ததும் கண்ணாடி துடைக்கும் திரவத்தாலோ ஸ்பிரிட்டாலோ துடைக்காதீர்கள். டிரில் போட்ட விளிம்பில் உள்ளே இறுக்கம் நிற்கும், அதில் ஸ்பிரிட் பட்டால் வலைப்பின்னலாய் நுண்விரிசல் விழும்.

ஓவர்ஃப்ளோ பெட்டியின் மேல்விளிம்பில் தண்ணீர் வழியும் பிளவுகளை, அதாவது பல், வெட்டும்போது மூலைகளைச் சதுரமாக விடுவது இன்னொரு தவறு. விரிசல் அங்கேயிருந்துதான் கிளம்பும். பிளவின் முடிவில் முதலில் ஒரு வட்ட ஓட்டை போட்டு, அப்புறம் அதுவரை ரம்பத்தால் வெட்டுங்கள்.

பைப்பில், வாளியில்

ஸ்ப்ரே பாருக்கு ஓட்டைகளை எண்ணாமல் போட்டுவிட்டு, கடைசி ஓட்டையில் தண்ணீர் வரவில்லை என்று பம்பைக் குறை சொல்வது வழக்கம். ஓட்டைகளின் மொத்தப் பரப்பு பைப்பின் உள்பரப்பைத் தாண்டக் கூடாது. உள்விட்டம் 16 மி.மீ., ஓட்டை 4 மி.மீ. என்றால் நாலு மடங்கு வித்தியாசம். பரப்பில் அது பதினாறு மடங்கு. ஆக 16 ஓட்டைதான் உச்சம், நான் 12-இல் நிறுத்துவேன். பைப் உருண்டையாக இருப்பதால் பிட் நழுவும். நேர்க்கோடு போட்டு, ஊசியால் புள்ளி குத்தி, 2 மி.மீ. பிட்டால் தொடங்குங்கள்.

மேலே தண்ணீர் கொண்டுவரும் பைப்பின் வாய் நீர்மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தால், பம்ப் நின்றதும் அதே பைப் வழியாகத் தண்ணீர் திரும்பி இறங்கும். நாலடித் தொட்டியில் அது 54 லிட்டர். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே பைப்பில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து ஓட்டம் அறுபடும். ஆனால் பாசியோ நத்தையோ அதை அடைத்துவிடும். அதை மட்டும் நம்பாமல், பைப்பின் வாயையே மேலே தூக்கி வையுங்கள்.

வாளியின் வளைந்த பக்கத்தில் டேங்க் கனெக்டர் சரியாக உட்காராது. தட்டையான இடம் இருந்தால் அங்கே போடுங்கள், இல்லையென்றால் வளைவுக்கு ஏற்ற ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம்) வாங்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக்கை ஹோல் சா பிடித்து இழுத்தால் டிரில்லை ரிவர்ஸில் ஓட்டிப் பாருங்கள், விளிம்பு கிழியாமல் வரும்.

கரண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் ஊற்றிச் செய்யும் வேலை இது. ஒயர் டிரில் வேண்டாம், பேட்டரி டிரில்தான். கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி போதாது, பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். கண்ணாடித் தூள் காய்ந்து பறக்கும் முன் ஈரத்திலேயே துடைத்துவிடுங்கள்.

கனெக்டரைப் பொருத்தும்போது ரப்பர் வளையம் தொட்டியின் உள்ளே, தலைப்பகுதிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்க வேண்டும். நட்டின் பக்கம் வைத்தால் தண்ணீர் மரை வழியாகவே வெளியே வந்துவிடும், இறுக்கும்போது ரப்பரும் முறுக்கிக்கொள்ளும். கையால் இறுகும்வரை திருகி, அதற்கு மேல் கால் சுற்று. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

தொட்டியை ஹாலுக்குள் கொண்டுபோகும் முன் கார் போர்ச்சில் வைத்து, கனெக்டரின் வாயை அடைத்துவிட்டு, ஓட்டைக்கு மேல் வரைக்கும் தண்ணீர் நிரப்பி ஒரு முழு நாள் விடுங்கள். நட்டைச் சுற்றி டிஷ்யூ தாளைச் செருகி வைத்தால் சின்னக் கசிவும் தெரிந்துவிடும். தாள் நனைந்திருந்தால் உடனே நட்டை இறுக்கப் போகாதீர்கள். தண்ணீரை இறக்கி, கனெக்டரைக் கழற்றி, ரப்பருக்கு அடியில் கண்ணாடித் தூளோ பிசிறோ மாட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.