மாத்திரையை அட்டையோடு விழுங்கிவிட்டால்

மருந்துக்கடையில் இரண்டு மூன்று மாத்திரைகள் மட்டும் கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டித்தான் தருவார்கள்; அப்படி ஒற்றையாக நறுக்கிய துண்டின் நான்கு மூலைகளும் முள்ளாகக் குத்தும். பார்வை மங்கிய முதியவர்கள் அதை உரிக்காமல் அப்படியே விழுங்கிவிடுவது மருத்துவர்கள் நன்கறிந்த விபத்து. விழுங்கியதே பலருக்குத் தெரியாது. ஆகவே வீட்டுப் பெரியவர் திடீரென்று நெஞ்சுவலி, வயிற்றுவலி என்றால், காலியான அட்டைத் துண்டு குப்பைக்கூடையில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

மூச்சுத் திணறினாலோ, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் வடிந்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இல்லாவிட்டாலும், கூரான பொருள் என்பதால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்வதே சரி. வாழைப்பழம், சோற்று உருண்டை, விளக்கெண்ணெய், விரலை விட்டு வாந்தி எடுப்பது ஆகிய நான்கும் வேண்டாம். உருண்டையின் அழுத்தத்தில் மூலை இன்னும் ஆழமாகக் குத்தும். வயிறு நிறைந்திருந்தால், வாய்வழியே குழாய் விட்டுப் பொருளை எடுக்கும் எண்டோஸ்கோப்பியும் தள்ளிப்போகும்.

போகும்போது அதே மாத்திரையின் மீதி அட்டையைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியத் தாளும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதில்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் சி.டி. ஸ்கேனில்கூட அது கண்ணுக்குப் படும். கழன்று விழுங்கப்பட்ட பல்செட்டின் கதையும் இதுவே: அதன் உலோகக் கொக்கி தெரியும், இளஞ்சிவப்புத் தகடு தெரியாது.

விழுங்கிய பொருள்களில் பெரும்பாலானவை இரைப்பையைத் தாண்டிவிட்டால் தாமாகவே மலத்தோடு வெளியேறிவிடும். ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அகலமானவை இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசலிலும், 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமானவை முன்சிறுகுடலின் வளைவிலும் சிக்கக்கூடும். அவற்றைக் கடந்தாலும், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் குறுகிய இடம் வலது அடிவயிற்றில் இருக்கிறது. அங்கே சிக்கி ஏற்படும் வலியைக் குடல்வால் அழற்சி என்று எண்ணி ஏமாறுவதும் உண்டு. முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் குடல் ஒட்டிக்கொண்டு குறுகியிருக்கலாம் என்பதால், அந்த அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவர் கேட்பதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

காத்திருக்கலாம் என்று மருத்துவர் வீட்டுக்கு அனுப்பினால், அருவருப்புப் பார்க்காமல் ஒவ்வொரு முறையும் மலத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பொருள் வந்துவிடும். விட்டுவிட்டுச் சுருட்டிப் பிடிக்கும் வலி, வயிறு உப்புதல், பச்சை நிற வாந்தி, மலமும் காற்றும் பிரியாமை ஆகியவை குடல் அடைபட்டதன் அறிகுறிகள். வலி ஓயாமல், வயிறு பலகைபோல் இறுகிக் காய்ச்சலும் வந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பெரியவர்களுக்கு மருந்து கொடுப்பவர்கள் அட்டையை ஒற்றைத் துண்டுகளாக வெட்டி டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். வேளைக்கு உரிய மாத்திரையை நீங்களே உரித்து, உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள்.