நியாயம் இருந்தும் தோற்கும் பேச்சு: மேடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்கில் வலுவில்லாதவர்தான் போலிக் காரணங்களைத் தேடிப் போவார் என்று பொதுவாக நினைக்கிறோம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட மக்களின் மேடைகளில் நான் கேட்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. சம்பளம், காணி, வீடு, பாடசாலை என்று எதை எடுத்தாலும் நியாயம் தெளிவாக நம் பக்கம் இருக்கிறது. அந்தத் தெம்பிலேயே காரணம் காட்டும் வேலையைப் பேச்சாளர் கைவிட்டுவிடுகிறார். குரல் உயர்கிறது, கைதட்டல் கிடைக்கிறது. அதே பேச்சைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோனால் ஐந்து நிமிடம் தாங்குவதில்லை. தமிழ்மொழித் தினப் போட்டிக்கு மாணவர்களைத் தயார்செய்யும் ஆசிரியர்களும் தோட்டக் கமிட்டிகளில் பேசுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். உண்மையான வழக்கைப் போலிக் காரணத்தின் மேல் நிறுத்தினால், எதிராளி அந்தக் காரணத்தை உடைத்துவிட்டு வழக்கையே உடைத்துவிட்டதாகக் காட்டிக்கொள்வார்.

மிகப் பெரிய கேட்டைச் செய்வது, ஒரே சொல்லை இரண்டு பொருளில் வைத்துக்கொண்டு வாதிடுவது. சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்த 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, நாட்சம்பளம் 730 ரூபாய் என்று ஒரு மேடையில் சொன்னார்கள். 500 ரூபாய்தான் என்று மறு மேடையில் சொன்னார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. அடிப்படைச் சம்பளம் 500. அதனுடன் வருகைக் கொடுப்பனவு 60, விலைப் பங்குக் கொடுப்பனவு 30, உற்பத்தி ஊக்குவிப்பு 140. எல்லாவற்றையும் கூட்டினால் 730. ஆனால் வேலை நாட்களில் 75 சதவீதம் வந்திருந்தால்தான் அந்த 60 கிடைக்கும். பறித்த தேயிலைக் கொழுந்து குறித்த எடையை எட்டினால்தான் 140 கிடைக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சில நாட்கள் வராமல், மழையில்லாத மாதத்தில் எடையும் குறைந்துபோன ஒரு பெண் 20 நாள் வேலை செய்தார் என்று வையுங்கள். அவருக்கு நாளொன்றுக்கு 530 வீதம் 10,600 ரூபாய். மேடையில் சொன்ன 730 என்றால் 14,600 ரூபாய். நடுவில் 4,000 ரூபாய் நிற்கிறது.

அந்த 4,000 ரூபாயைப் பற்றித்தான் வாதம் நடந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இரு தரப்பும் சம்பளம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் மற்றவரைப் பொய்யர் என்று ஏசிக்கொண்டிருந்தன. 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் அரசு வர்த்தமானியில் (அரசிதழில்) வந்தபோதும் அது 900 ரூபாய் சம்பளமும் 100 ரூபாய் வரவுசெலவுத் திட்ட நிவாரணக் கொடுப்பனவுமாகவே வந்தது. அதன் பிறகு, முழுநாள் வேலை என்று பேர் போட (பதிவு செய்ய) எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்ற தகராறு தொடங்கியது. எனவே இந்தப் பொருளில் பேச எழும் எவரும் முதல் வாக்கியத்திலேயே தாம் எதைச் சம்பளம் என்கிறார் என்று சொல்லிவிட வேண்டும். அடிப்படையா, மொத்தமா, எத்தனை கிலோவுக்கு? இது மாணவர்களுக்குச் சலிப்பாக இருக்கும். ஆனாலும் விடாமல் பழக்க வேண்டும்.

அடுத்தது, ஒன்றன்பின் ஒன்று நடந்தால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொள்வது. மேற்சொன்ன 1,000 ரூபாய் 2021 மார்ச்சில் வந்தது. 2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறக்குறைய 25 கோடி கிலோகிராமாகச் சரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அது 30 கோடியை ஒட்டி இருந்தது. இந்த இரண்டையும் மட்டும் அடுத்தடுத்துச் சொன்னால், சம்பளம் ஏறியது, உற்பத்தி விழுந்தது என்று ஒரு கதை தானாகவே உருவாகிவிடும். நடுவே நடந்ததைச் சேர்த்தால் கதை மாறுகிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டபோதும், அதைத் தொடர்ந்த பொருளாதார நெருக்கடியில் உரத்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. உரம் கிடைக்காத தேயிலைச் செடி உடனே காய்ந்துவிடாது. கொழுந்து வரும் சுற்றுகள் மெல்ல மெல்லத் தளரும். விளைவு அடுத்த ஆண்டுக் கணக்கில் தெரிவது அதனால்தான். எதிர்த் தரப்பு இப்படிப்பட்ட கதையைச் சொன்னால், கதை பொய் என்று கத்துவதில் பயனில்லை. நடுவில் விடுபட்டதை எடுத்து வைக்க வேண்டும். பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் உற்பத்தி குறைந்தது. நாட்டின் தேயிலையில் பாதிக்கும் மேல் தருகிற சிறுதோட்டக்காரர்களின் கொழுந்தும் குறைந்தது என்று சொன்னாலே போதும். வர்த்தமானியின் 1,000 ரூபாய் அவர்கள் வீட்டுக் கொழுந்தை எப்படிக் குறைத்திருக்கும்?

நம் பக்கத்திலும் இதே அவசரம் இருக்கிறது. தோட்டத்தில் ஒரு வாகனம் வந்து நிற்கும். நில அளவையாளர் ஒருவர் இறங்குவார். மாலை பெரட்டுக்கு (தொழிலாளரைக் கூட்டிப் பேர் எடுப்பதற்கு) முன்பே தோட்டத்தை விற்றுவிட்டார்கள் என்ற செய்தி கீழ் லயத்துக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, வந்துவிடும். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இதைத்தான் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தூரத்தில் தெரிவது ஆவியா, பனியா என்ற ஐயம் தீராதபோதே அதைப் புகையென்று கொண்டு, அங்கே நெருப்பு உண்டு என்று துணிவது ஒரு ஏதுப்போலி, அதாவது போலிக் காரணம். காலையில் நுவரெலியாப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த எடுத்துக்காட்டை விளக்கத் தேவையில்லை. பக்கப்போலி (நிறுவ வந்த கூற்றிலேயே பிழை), ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என்று வகுத்து அந்தக் காதை தருக்கப் பிழைகளை விரிவாகவே பேசுகிறது. அரிஸ்டாட்டில் 13 பிழைகளைப் பட்டியலிட்டு, அவற்றில் 6 மொழியால் விளைபவை என்றார். நம் பிள்ளைகள் இந்தப் பிழைகளை வேற்றுமொழிப் பெயர்களில் மனப்பாடம் செய்கிறார்கள். தமிழில் ஒரு காப்பியத்துக்குள்ளேயே இந்தப் பாடம் கிடக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. உயர்தர வகுப்பில் ஒரு பாடவேளையாவது இதற்குக் கொடுக்கலாம்.

முடிவையே காரணமாக வைத்துச் சுற்றிவரும் வாதம் எவ்வளவு கேடு செய்யும் என்பதை மலையகத் தமிழரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்தவர்கள் என்று நிரூபிக்கச் சொன்னது. தோட்டத்து லயத்தில் பிறந்த பலருக்குக் காட்டுவதற்குக் கடதாசி இருக்கவில்லை. கடதாசி இல்லாததால் இந்நாட்டவர் அல்லர். இந்நாட்டவர் அல்லாததால் வந்துபோகிறவர்கள். வந்துபோகிறவர்களுக்கு எதற்குக் கடதாசி? பிறகு 1964இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தன. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தன. அனுப்பப்பட்டவர்கள் போனதைக் காட்டி, பார்த்தீர்களா, இவர்கள் போகிறவர்கள்தான் என்று பேசவும் முடிந்தது.

இத்தகைய வட்டத்துக்கு மேடையில் நாம் வழக்கமாகத் தரும் பதில், 200 ஆண்டுகளாக இரத்தம் சிந்தினோம் என்பது. உண்மைதான். ஆனாலும் அந்தப் பதில் வட்டத்தை வெட்டுவதில்லை. பதிவு இல்லை என்பது பிறப்பு இல்லை என்பதற்குச் சான்றாகுமா என்று கேட்க வேண்டும். அந்தப் பதிவை எழுதி வைக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது, எழுதப் படிக்கத் தெரியாத கொழுந்துக்காரியிடமா, தோட்ட நிர்வாகத்திடமா என்று கேட்க வேண்டும். அப்போது எதிராளி வட்டத்துக்கு வெளியே வந்து சான்று தேட வேண்டியிருக்கும்.

எதிராளி சொல்லாததைச் சொன்னதாக வைத்து அடிப்பது இன்னொரு பழக்கம். 7 பேர்ச் (ஏறக்குறைய 1,900 சதுர அடி) காணி ஒரு குடும்பத்துக்குப் போதாது, காய்கறி போடவும் மாடு கட்டவும் இடம் வேண்டும் என்று ஒருவர் கேட்கிறார். பெருந்தோட்டத்தைத் துண்டாடச் சொல்கிறார்கள் என்று அது திருப்பிச் சொல்லப்படுகிறது. கம்பனிகள் செலவுக் கணக்கைக் காட்டும்போது, நாங்கள் பட்டினி கிடந்து சாக வேண்டுமாம் என்று நாம் திருப்பிச் சொல்வதும் அதே வேலைதான். விவாதப் பயிற்சியில் இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மறுப்பதற்கு முன் எதிரணியின் வாதத்தை, அந்த அணியே ஆம் என்று தலையாட்டும்படி, ஒரு முறை சொல்ல வைப்பது. முதல் வாரம் பிள்ளைகளுக்கு இது வரவே வராது.

ஆளைத் தாக்கும் வாதத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். தொழிற்சங்கக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து நிற்கிறார். "தலைவரே, 18 கிலோ கொழுந்து நிறுத்தேன். தண்ணிக்கு என்றும் சாக்குக்கு என்றும் கழித்து 15 கிலோ எழுதியிருக்கிறார்கள். இதைக் கேட்கக் கூடாதா?" என்கிறார். முன்வரிசையிலிருந்து பதில் வருகிறது: "போன தேர்தலில் நீ யாருக்கு வேலை செய்தாய் என்று எங்களுக்குத் தெரியும்." கூட்டம் சிரிக்கிறது. அவர் உட்கார்ந்துவிடுகிறார். கழித்த 3 கிலோவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் எந்தக் கட்சிக்கு வேலை செய்திருந்தாலும் அந்த மூன்று கிலோ அப்படியேதான் இருக்கிறது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; கூட்டத்தில் பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இந்தப் பிழை அங்கே வெறும் தருக்கப் பிழையாக நின்றுவிடுவதில்லை. சம்பளத்திலிருந்து பணத்தைப் பிடுங்குகிறது.

பேசுகிறவர் யார் என்பது ஒருபோதும் பொருட்டல்ல என்றும் சொல்லிவிட முடியாது. என் சொல்லை நம்புங்கள், நான் உள்ளேயிருந்து பார்த்தேன் என்று ஒருவர் தம் சொல்லையே சான்றாக வைக்கும்போது, அவருக்கு அதில் என்ன இலாபம் என்று கேட்பது நியாயம். தராசையும் எடை எழுதிய துண்டையும் காட்டி ஒருவர் பேசும்போது தராசைத்தான் பார்க்க வேண்டும்.

சம்பளத்தை உயர்த்துவதா, தோட்டத்தைக் காப்பதா என்று இரண்டே வழி காட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கி மீள்நடுகை செய்வது, தேயிலைக் காணியைத் தொழிலாளியிடமே பிரித்துக் கொடுத்துக் கொழுந்தை விலைக்கு வாங்குவது என்று மூன்றாவது, நான்காவது வழிகள் மேசையில் இருக்கின்றன. அவற்றில் குறைகளும் இருக்கலாம். ஆனால் இருப்பதையே மறைத்துவிட்டுக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பாதி தோற்றுவிட்டோம்.

உணர்ச்சியைத் தொட்டுப் பேசுவதே பிழை என்று சில பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. 1931இல் தோட்டத் தொழிலாளருக்குத் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை, கூட்டங்களில் பாட்டாகவே தொழிலாளர் துயரத்தைப் பாடினார். எழுத்தறியாத மக்களிடம் துண்டுப்பிரசுரம் போகாத இடத்துக்குப் பாட்டு போனது. பாடிய துயரமும் வைத்த கோரிக்கையும் ஒரே பொருளைப் பற்றியவை. அங்கே உணர்ச்சி காரணத்தோடு சேர்ந்தே நடந்தது. பார்க்க வேண்டியது இந்தப் பொருத்தத்தைத்தான். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அது அபாயமான இடம் என்று முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. சரிவில் இருக்கும் லயங்களை இடம்மாற்ற வேண்டும் என்று வாதிடுகிறவர் மீரியபெத்தையைச் சொல்லிக் கண்ணீர் வரவழைத்தால் அது நேர்மையான பேச்சு. அடுத்த தேர்தலில் எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி இடுவது என்பதற்கு அந்தச் சாவுகளை இழுத்தால் அது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

தேய்ந்துபோன புகழ்ச்சியும் இப்படித்தான் வேலை செய்கிறது. மலையக மக்கள் நாட்டின் முதுகெலும்பு என்று சொல்லாத அரசியல் மேடை இல்லை. அதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். என்ன கேட்கிறோம், எவ்வளவு, எப்போதைக்குள், யாரிடம் என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இல்லை. செய்தவர் பெயரில்லாத வாக்கியங்களும் அப்படியே. பணம் பிடிக்கப்பட்டது, காணி கையளிக்கப்படவில்லை, பாடசாலை தரமுயர்த்தப்படும் என்று பேசிப் பழகிவிட்டால், பிடித்தவரும் கையளிக்காதவரும் தரமுயர்த்த வேண்டியவரும் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. எழுவாயை எழுதிவிட்டுப் பிறகு வினைச்சொல்லை எழுதுங்கள்.

இவ்வளவையும் படித்த மாணவர் மேடையில் செய்யும் புதுத் தவறு ஒன்று இருக்கிறது. எதிரணி வாய் திறந்ததும், இது இன்ன போலி, அது இன்ன போலி என்று பெயர் சூட்டத் தொடங்கிவிடுவார். போலியான காரணத்தால் தாங்கப்பட்ட முடிவு உண்மையாகவும் இருக்கலாம். காரணம் விழுந்ததால் முடிவும் விழுந்துவிடாது. தோட்டங்கள் நட்டத்தில் ஓடுகின்றன என்பதற்கு ஒருவர் தவறான காரணம் சொன்னார் என்பதால் தோட்டங்கள் இலாபத்தில் ஓடுகின்றன என்று ஆகாது. பெயர் சூட்டுவதைச் சபையும் விரும்புவதில்லை. வாத்தியார் பிரம்போடு நிற்பது போல அதற்குத் தோன்றும். பிழையின் பெயரை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, அந்தப் பிழையைத் திறந்து காட்டும் கேள்வியை மட்டும் கேட்பது நல்லது. தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது என்றால், எந்த ஆண்டின் கணக்கு, கொழுந்து விலையிலா, தொழிற்சாலைச் செலவிலா, நிர்வாகச் செலவிலா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.