மூளைக் கட்டியில் ஸ்டெம் செல்: தப்பாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்

புற்றுநோய் ஸ்டெம் செல் என்றதும் ஸ்டெம் செல் சிகிச்சையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தன்னைப் போன்ற செல்களைப் பெருக்கி, கட்டியை மறுபடி முளைக்க வைக்கக்கூடிய புற்றுசெல்லுக்குத்தான் இந்தப் பெயர். கிளையோபிளாஸ்டோமா என்ற மூர்க்கமான மூளைப் புற்றில் இதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பாதிப் பேச்சு தப்பு.

பெரிய தப்பு, ஒரு புரதத்தை வைத்தே இந்தச் செல்லை அடையாளம் கண்டுவிடலாம் என்பது. 2004இல் டொராண்டோவில் ஷீலா சிங், பீட்டர் டர்க்ஸ் குழுவினர், நோயாளிகளின் மூளைக் கட்டிகளிலிருந்து சிடி133 என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய செல்களைத் தனியே பிரித்து, நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய எலிகளின் மூளையில் செலுத்தினார்கள். வெறும் 100 செல்லே கட்டியாக வளர்ந்தது. சிடி133 இல்லாதவற்றில் ஒரு லட்சம் செலுத்தியும் வளரவில்லை. பல கட்டுரைகள் இதோடு கதையை முடித்துவிடுகின்றன. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே, சில நோயாளிகளின் கட்டிகளில் சிடி133 இல்லாத செல்களும் எலியில் கட்டியை வளர்த்ததை வேறு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தவிர, எலியின் மூளையில் வளரவில்லை என்பதற்காக மனித மூளையிலும் வளராது என்று சொல்ல முடியுமா என்ன?

'ஸ்டெம் செல்லை ஒழித்தால் நோய் ஒழிந்தது' என்பது இதிலிருந்து கிளைத்த நம்பிக்கை. 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தப் புற்றின் செல்கள் நான்கு நிலைகளில் இருப்பதையும், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை என்பதையும் காட்டியது. இன்று சாதுவாக இருக்கும் செல் நாளை கட்டியை வளர்க்கும் செல்லாகலாம். ஆகவே ஸ்டெம் என்பதை நிலையான சாதியாக நினைக்காமல், செல் அந்தச் சமயத்தில் இருக்கும் நிலையாகப் பார்ப்பதே என் கணக்கில் சரி.

பயாப்ஸியில் எடுத்த ஒரு துணுக்கு முழுக் கட்டியையும் காட்டும் என்று நம்புவதும் ஆபத்து. சில சமயம் ஒரே கட்டியில், ஒரு செல்லில் வளர்ச்சியைத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் மரபணு பல மடங்கு பெருகியிருக்கும். ஒட்டியிருக்கும் செல்லில் அது இயல்பாக இருக்க, பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற இன்னொரு வளர்ச்சி மரபணு பெருகியிருக்கும். முதலாவதைத் தடுக்கும் மருந்து இரண்டாவதைத் தொடாது.

நோய் திரும்பினால் பழியை எல்லாம் ஸ்டெம் செல்மேலேயே போடுவதும் சரியில்லை. கட்டியின் விளிம்புச் செல்கள் நல்ல மூளைத் திசுவுக்குள் ஊடுருவிவிடுவதால் கத்திக்கு எட்டுவதில்லை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதை வடிகட்டும் ரத்த-மூளைத் தடுப்பு பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை. இந்தப் புற்றுக்குக் கொடுக்கும் டெமோசோலோமைடு மாத்திரை புற்றுசெல்லின் டிஎன்ஏவில் உண்டாக்கும் சேதத்தை எம்ஜிஎம்டி என்ற புரதம் பழுதுபார்த்துவிடுகிறது. அப்படிப் பழுதுபார்த்துக்கொள்ள ஒரு செல் ஸ்டெம் செல்லாக இருக்க வேண்டிய அவசியமில்லை.