தடுப்பில் பட்டதை வாக்குமூலமாக எழுதுவது எப்படி

தருமபுரி ஆட்சியர் அலுவலகம் பக்கம் மனு எழுதுவது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு இலங்கைத் தமிழர் முகாம்களில் இருந்து வருகிறவர்கள் வீடு, உதவித்தொகை என்று எழுதச் சொல்வார்கள். நன்றாகப் பழகிய பிறகு சிலர், இலங்கையில் போர்க் காலத்தில் தடுப்பில், அதாவது அரசுக் காவலில், இருந்தபோது நடந்ததையும் எழுதச் சொல்வார்கள். அப்படி எழுத உட்காருகிறவர்களுக்காக இது.

முதலில், 'சமூகம் ஐயா அவர்களுக்கு, பணிந்து' என்பதை விடுங்கள். நாம் சலுகை கேட்கவில்லை, ஓர் அரசு செய்ததற்குக் கணக்குக் கேட்கிறோம்.

'அடித்தார்கள், சித்திரவதை செய்தார்கள்' என்ற ஒற்றை வரி எந்த விசாரணையிலும் நிற்காது. தேதி நினைவில்லையா? பொங்கலுக்கு முன்னா, பின்னா என்று கேளுங்கள். என்ன பார்த்தார், என்ன கேட்டார், பிறர் சொல்லி என்ன அறிந்தார் என்று மூன்றையும் பிரித்து எழுதுங்கள். ஒரு அக்கா சொன்னார்: "கண்ணைக் கட்டினவை அண்ணை, ஆனா கீழாலை சப்பாத்து தெரிஞ்சது." அதிலிருந்து மெதுவாகக் கேட்கக் கேட்க, சப்பாத்தின் (பூட்ஸின்) நிறம், இறங்கிய படிகள், விடியற்காலையில் ஒலிபெருக்கியில் கேட்ட பௌத்தப் பாராயணம் என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்த இடம் எது என்று தேடுகிறவருக்கு இவைதான் வழி. ஆனால் பதிலை நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. 'ராணுவம்தானே?' என்று கேட்காதீர்கள், 'யார் வந்தார்கள்?' என்று கேளுங்கள். பாலியல் கொடுமை என்றால் ஒரு பெண் எழுதட்டும். போதும் என்றால் அன்றைக்கு அதோடு சரி.

அடித்தவனோடு நிறுத்தாதீர்கள். உள்ளே வந்தபோது மற்றவர்கள் யாருக்கு எழுந்து நின்றார்கள்? பதிவேட்டில் யார் கையெழுத்துப் போட்டார்? விடுவிக்கச் சொன்னது யார்? இதன் அருமை எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். 1992 ஜூன் 20-இல் வாச்சாத்தி என்ற பழங்குடி ஊருக்குள் வனத்துறையும் போலீசும் புகுந்தபோது அது போர் அல்ல. ஆனால் ஊரையே எதிரியாக நடத்தினார்கள், பெண்களைப் பிடித்துப்போய் அடைத்தார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகள், ஊழியர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் அதை உறுதி செய்த உயர் நீதிமன்றம், அப்போதைய ஆட்சியர், போலீஸ் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மேலே இருந்தவர்கள் வரை கேள்வி போக முப்பத்தோரு வருடம் ஆனது. மலையடிவாரத்துப் பழங்குடிப் பெண்கள் சொன்னதை மாற்றாமல் சொன்னதால்தான் அது போனது.

அப்புறம் காகிதங்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தடுப்பில் பார்த்துப் பதிவு செய்திருந்தால் அதற்குச் சான்று கேட்டு வாங்கலாம். 2009-க்குப் பிறகு, புலிகள் என்று பிடித்தவர்களை இலங்கை அரசு வைத்திருந்த 'புனர்வாழ்வு' முகாமில் இருந்தவர் விடுதலைக் கடிதத்தைத் தொலைத்துவிடக் கூடாது. தழும்பு இருந்தால் டாக்டரிடம் அதன் இடம், நீளம், வடிவம் எழுதி வாங்குங்கள். சொல்லப்படும் காரணத்தோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறை கேட்பது இதைத்தான்.

இலங்கையில் 1994-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்குக் குறைந்தது ஏழு வருடச் சிறை. போர் நடந்தது, மேலதிகாரி சொன்னார் என்று தப்ப அந்தச் சட்டமே இடம் தரவில்லை. ஆனால் அங்கே உச்ச நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் கெடு. பழைய சம்பவத்துக்கு அந்தக் கதவை நம்ப முடியாது. 2021-இல் இலங்கை பற்றி ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானத்துக்குப் பிறகு, சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் வேலை ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தில் தொடங்கியது. வாக்குமூலத்தை அங்கே அனுப்புங்கள். கூட இருந்தவர் திரும்பி வரவில்லை என்றால், அவர் குடும்பத்தின் சம்மதத்தோடு வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய ஐ.நா. செயற்குழுவுக்கும் எழுதலாம். வக்கீல் வேண்டியதில்லை.

அனுப்பும் முன் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். திருத்தினால் அடித்து எழுதாமல் புதிதாக எழுதுங்கள். சொந்தக்காரர்கள் இன்னும் வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இருப்பார்கள். அவர்கள் பெயரைத் தனித் தாளில் வையுங்கள். யாரிடம் காட்டலாம், யாரிடம் கூடாது என்பதை அவரே எழுதிக் கையெழுத்திடட்டும். இதற்குக் கூலி வாங்காதீர்கள். காசு கைமாறியது என்ற ஒரு பேச்சே வாக்குமூலத்தைக் கெடுக்கப் போதும்.