‘ஃபேர்’னா என்ன அர்த்தம்? எதிர்ச்சொல் போட்டுப் பாத்து கண்டுபிடிக்கலாம் வாங்க

இங்கிலீஷ் புதுசா கத்துக்கறவங்க டிக்‌ஷனரில ‘ஃபேர்’ எடுத்துப் பாத்தா நியாயமான, செவப்பான, சுமாரான, கணிசமானன்னு வரிசையா வரும், இதுல எதை எடுக்கறதுன்னு தெரியாம எல்லாத்தையும் மனப்பாடம் பண்ண உக்காந்துடுவாங்க. அது வேண்டாங்க. அந்த இடத்துல இதுக்கு எதிர்ச்சொல் என்னவா இருக்கும்னு கேளுங்க, பாதி வேலை முடிஞ்சிடும்.

ஸ்டெப் 1: பக்கத்து வார்த்தையைப் பாருங்க

ப்ரைஸ், ரென்ட், ட்ரயல், டிசிஷன் மாதிரி வார்த்தை இருந்தா ‘நியாயமான’. எதிர்ச்சொல் அன்ஃபேர். நம்ம ரேஷன் கடைக்கு இங்கிலீஷ்ல ஃபேர் ப்ரைஸ் ஷாப், தமிழ்ல நியாய விலைக் கடை, அப்படியே பொருந்துது பாருங்க. கிரிக்கெட் விதிகள்லயும் 41வது விதியோட தலைப்பே அன்ஃபேர் ப்ளே தான், பந்தை சேதப்படுத்தறது, வேணும்னே நேரத்தை இழுக்கறது எல்லாம் அதுலதான் வரும்.

ஸ்டெப் 2: ஆளைப் பத்தியா, குணத்தைப் பத்தியா?

ஸ்கின், ஹேர், காம்ப்ளெக்‌ஷன் பக்கத்துல வந்தா நிறம். எதிர்ச்சொல் டார்க். ஃபேர் ஹேர்னா நரைச்ச முடி இல்ல, பொன்னிற முடி. ஆனா ‘ஷி இஸ் எ ஃபேர் டீச்சர்’னா நிறத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, பாரபட்சம் பாக்காத டீச்சர்னு அர்த்தம்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். பழைய இங்கிலீஷ்ல இந்த வார்த்தைக்கு அழகான, இனிமையானன்னுதான் பொருள், வெளுத்த நிறம்ங்கற பொருள் பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு. நம்ம ஊர் கல்யாண விளம்பரத்துல ரெண்டையும் ஒண்ணா கலந்து ‘ஃபேர்’னு போட்டுப் போட்டு வெள்ளைத் தோல்தான் அழகுன்னே ஆக்கிட்டாங்க, 1975ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி க்ரீமே 2020ல பேரை க்ளோ அண்ட் லவ்லின்னு மாத்திக்கிச்சு, விளம்பரம் எழுதறவங்க இன்னும் மாறல. இன்னைக்குப் பேசற இங்கிலீஷ்ல ஒருத்தரை ஃபேர்னு சொன்னா அது அழகுக்கான பாராட்டு இல்ல, அதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 3: ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு

ஸ்கூல்ல படிச்ச எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எதிர்ச்சொல் ரஃப், அப்போ ஃபேர்னா திருத்தி சுத்தமா எழுதினது. வெதர் கூட வந்தா மழை புயல் இல்லாத நல்ல வானிலை, அங்க எதிர்ச்சொல் ஃபவுல்.

ஸ்டெப் 4: அளவும் தரமும்

இங்கதான் நிறைய பேர் மாட்டுவாங்க. ‘எ ஃபேர் அமௌன்ட் ஆஃப் வொர்க்’னா நியாயமான வேலை இல்ல, கணிசமான வேலை. தரம்னு வந்தா இதுக்கு ஒரே ஒரு எதிர்ச்சொல் கிடையாது, மேல குட், கீழ புவர், நடுவுல ஃபேர். அமெரிக்காவுல கடன் குடுக்கறதுக்கு முன்னாடி பாக்கற ஃபைகோ ஸ்கோர்ல 580 முதல் 669 வரைக்கும் ஃபேர், 670ல தான் குட் ஆரம்பிக்குது. அதனால ‘யுவர் இங்கிலீஷ் இஸ் ஃபேர்’னு யாராவது சொன்னா சுமார்னு எடுத்துக்கோங்க, இன்னும் கொஞ்சம் பயிற்சி வேணும்.

ஸ்டெப் 5: ஃபேர்லி

‘தே ட்ரீட்டட் அஸ் ஃபேர்லி’, நியாயமா நடத்தினாங்க. ‘த டெஸ்ட் வாஸ் ஃபேர்லி ஈஸி’, ஓரளவு ஈஸி. பின்னாடி ஈஸி, குட் மாதிரி இன்னொரு வார்த்தை ஒட்டி நின்னா பெரும்பாலும் ‘ஓரளவு’தான். அப்புறம் ‘ஃபேர் எனஃப்’, இதை பிரிச்சுப் பாக்காதீங்க, ‘சரி, நீங்க சொல்றது ஒத்துக்கக் கூடியதுதான்’னு மொத்தமா ஒரே அர்த்தம்.

புக் ஃபேர்ல வர்ற ஃபேர் லத்தீன்லேர்ந்து வந்த வேற வார்த்தை, பஸ் ஃபேருக்கு ஸ்பெல்லிங்கே வேற, ரெண்டையும் இதோட சேக்காதீங்க.

இப்போ இதுக்கு நீங்களே அர்த்தம் சொல்லிப் பாருங்க: ‘த ஓனர் இஸ் ஃபேர், த ரென்ட் இஸ் ஃபேர், த ஹவுஸ் இஸ் இன் ஃபேர் கண்டிஷன்.’ மொத ரெண்டுக்கும் எதிர்ச்சொல் அன்ஃபேர், மூணாவதுல குட்டுக்கும் புவருக்கும் நடுவுல நிக்குது, அதாவது வீடு சுமார்தான்.